மாமியார் தட்டிய கட்டை

லாயத்தில் அந்தப் பெண்குதிரைக்கு மாமியார் என்று பெயர். பத்திரத்தில் வேறு ஏதோ நீளமான பெயர் இருந்தது. போட்டி நாட்களில் அறிவிப்பாளர் மட்டும் அதை ஒலிபெருக்கியில் தட்டுத்தடுமாறிப் படிப்பார். வைக்கோல் கொஞ்சம் ஈரமாக இருந்தால் மாமியார் மூக்கைச் சுளிக்கும். வாளியை வைத்த இடம் பிடிக்காவிட்டால் உதைத்துக் கவிழ்த்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொள்ளும். யார் எதைச் செய்தாலும் அதில் ஒரு குற்றம் இருக்கும் என்ற முடிவோடுதான் அது தினமும் கண்விழித்தது.

அதன் மேல் ஏறுகிறவளை எல்லோரும் சாம்பியன் என்றார்கள். குதிரையைக் கவனித்துக்கொண்ட தங்கை மட்டும் அக்கா என்பாள். கோபம் வந்தால் அவளும் சாம்பியன் என்பாள்.

சாம்பியனின் அப்பா சவாரிப் பள்ளியில் குதிரை வண்டி ஓட்டினார். குதிரை பூட்டிய வண்டி அல்ல, குதிரைகளை ஏற்றிக்கொண்டு போகும் லாரி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் குதிரை மேல் ஏறி விழுந்து பழகிய நாட்களில் அவள் களத்தில் விழுந்த கட்டைகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எந்தக் கட்டை ஏன் விழுகிறது என்பது தூக்கி வைக்கிறவளுக்குத்தான் முதலில் தெரியும். பதினைந்து வயதில், யாரும் ஏறத் துணியாத ஒரு கடிக்கிற குதிரையை அவளிடம் தள்ளிவிட்டார்கள். பத்தொன்பதில் அதே குதிரையோடு தேசியக் கோப்பையை வாங்கினாள். பிறகு இன்னும் இரண்டு முறை. கோப்பைகள் மூன்றும் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே இருந்தன. ஒன்றில் சாவிகளும் ஒன்றில் பழைய பேனாக்களும் கிடந்தன.

தடை தாண்டும் போட்டியில் குதிரை ஓடுவதற்கு முன்னால் மனிதர் நடக்க வேண்டும். தடைகளை நிறுத்தி முடித்ததும் மணி அடிக்கும். சவாரிக்காரர்கள் பூட்ஸ் காலோடு களத்துக்குள் போய், ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவே எத்தனை காலடி என்று எண்ணுவார்கள். நாடா கிடையாது, அளவுகோல் கிடையாது. கால்தான். மனிதரின் நாலு காலடி குதிரையின் ஒரு பாய்ச்சல். தாண்டி இறங்க இரண்டு காலடி, அடுத்ததற்கு எழும்ப இரண்டு. இருபத்து நாலு வந்தால் நடுவே ஐந்து பாய்ச்சல், கச்சிதம். இருபத்தைந்து வந்தால் இடம் கொஞ்சம் நீளம், குதிரையை விரட்டிப் போக வேண்டும். விரட்ட வேண்டாத இடத்தில் விரட்டினால் தடைக்கு மிகவும் நெருங்கிவிடும்; எழும்ப இடமில்லாமல் முன்னங்கால் கட்டையைத் தட்டும். ஒரு கட்டைக்கு நாலு தண்டப் புள்ளி.

சாம்பியனின் காலைத் தராசு என்பார்கள். ஒரு காலடி தொண்ணூறு சென்டிமீட்டர், கூடாது, குறையாது. களத்தில் அவள் எண்ணிக்கொண்டு போனால் பின்னால் நாலைந்து பேர் வாலாகப் போவார்கள். அதில் நீளமான வால் கேப்டன். பட்டாளத்துக் குதிரைப் பிரிவில் இருப்பவன், முப்பது வயது, நல்ல சவாரி, எண்ணுவதற்கு மட்டும் சோம்பல். பேசிக்கொண்டே வருவான். முடிந்ததும், "மேடம், எத்தனை?" என்பான். அவள் சொல்வாள். அதைத் தன் குதிரைக்கு எழுதிக்கொள்வான்.

இரண்டு வருடங்களுக்கு முன் தண்ணீர்த் தடையில் அவள் ஏறியிருந்த வேறொரு குதிரை வழுக்கி அவள் மேல் விழுந்தது. இடது தொடை எலும்பு இரண்டாக உடைந்தது. உள்ளே ஒரு கம்பி வைத்தார்கள். பதினான்கு மாதம் கழித்து மருத்துவர் நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இடுப்பு கொஞ்சம் இறுக்கமா இருக்கும். நடையில யாருக்கும் தெரியாது," என்றார். யாருக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்து மாமியார் மேல் ஏறினாள். கட்டைகள் விழ ஆரம்பித்தன.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த லாயத்தில் அது தலைகீழ். விழுந்த கட்டையெல்லாம் மாமியார் தலையில்தான் விழுந்தது. வயதாகிவிட்டது, முன்னங்காலை மடக்கச் சோம்பல், கவனம் போய்விட்டது. சாம்பியன் அப்படிச் சொன்னாள், எல்லோரும் தலையாட்டினார்கள். தங்கை மட்டும் ஆட்டவில்லை.

"வீட்டுப் பயிற்சியில ஒரு கட்டைகூடத் தட்டல. போட்டியில மட்டும் எப்படிக்கா சோம்பல் வரும்?"

"கூட்டத்தைப் பார்த்தா அதுக்கு ஆகல."

"யாருக்கு, அதுக்கா?"

சாம்பியன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

குதிரையின் சொந்தக்காரர் மெத்தை வியாபாரி. பருவத்தின் கடைசிப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவளைக் கடைக்கு வரச் சொன்னார். பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தைகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் 'உட்கார்ந்து பார்க்கலாம், படுக்க வேண்டாம்' என்று ஓர் அட்டை. அவர் ஒரு ஸ்பிரிங் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து மெல்ல எழும்பி அமர்ந்துகொண்டிருந்தார்.

"உட்காரும்மா. விழுந்து எழுந்தவளுக்கு என் கடை மெத்தையை விட்டா வேற எது பொருத்தம்?"

அவள் எதிர் மெத்தையில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் முனகியது.

"ஆறு போட்டி, ஒன்பது கட்டை," என்றார் மெத்தைக்காரர். "எனக்குக் குதிரை தெரியாது. ஆனா எண்ணத் தெரியும்."

"அதுக்கு வயசு பதிமூணு சார். முன்ன மாதிரி காலை மடக்கறதில்ல."

"அதைத்தான் நானும் கேட்க நினைச்சேன். நீயே சொல்லிட்ட." அவர் எழும்பி அமர்வதை நிறுத்தினார். "ஒரு பண்ணைக்காரர் கேட்கிறார். குட்டி போட வெச்சுக்கறாராம். கடைசிப் போட்டியைப் பார்க்க லாரியோட வர்றார். அன்னைக்கும் பழைய கதைன்னா அங்கேயே ஏத்தி அனுப்பிடலாம்."

"அப்புறம் எனக்கு?"

"உனக்கு வேற பார்க்கலாம்."

வேறு கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். முப்பத்தெட்டு வயது, தொடையில் கம்பி. இப்படிப்பட்டவளுக்குப் பெரிய தடை தாண்டுகிற இன்னொரு குதிரையை யாரும் கொடுக்க மாட்டார்கள். மாமியார் போனால் அவள் களத்துக்குப் போவது வேடிக்கை பார்க்கத்தான். வெளியே வரும்போது, குதிரைக்கு எதிரான சாட்சியைத் தானே சொல்லிவிட்டு வருகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

இருபது நாள் கழித்து ஒரு சின்னப் போட்டி. ஐந்தாவது தடைக்கும் ஆறாவதுக்கும் நடுவே அவள் இருபத்தைந்து எண்ணினாள். கேப்டன் கேட்டான், சொன்னாள். மாமியாரை விரட்டிப் போனாள். ஆறாவது கட்டை விழுந்தது. பழக்கப்பட்ட சத்தம்தான். களத்தை விட்டு வந்து வேலியோரம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது கேப்டன் உள்ளே போனான். அவனுடையது பெரிய சாம்பல் நிறக் குதிரை, ஏழு வயது, நெஞ்சளவுக் கட்டையை வாசற்படி போலத் தாண்டும். ஐந்தைத் தாண்டியதும் அவன் குதிகாலால் அழுத்தினான். குதிரை பாய்ந்து போய் ஆறாவதில் முட்டிக்கொண்டது. அதே கட்டை, அதே இடம், அதே சத்தம்.

கேப்டன் வெளியே வந்து தலைக்கவசத்தைக் கழற்றினான். "என் தப்புதான் மேடம். ரொம்ப விரட்டிட்டேன்."

அவள் வாயில் இருந்த தண்ணீரை விழுங்க மறந்து நின்றாள். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவன் சரியான விடையை எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒரே தப்பு இரண்டு தாளில் இருந்தால்தான் வாத்தியார் நிமிர்ந்து பார்ப்பார்.

அன்று போட்டியில் எண்ணாமலேயே, அவரவர் கண்ணை நம்பிப் போன இரண்டு பேருக்கு அந்தக் கட்டை விழவில்லை. பத்து மாதத்தில் விழுந்த பத்துக் கட்டைகளையும் அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். தனியாக நின்ற தடை ஒன்றுகூட இல்லை. பத்தும் எண்ணிப் போன இடங்கள். வீட்டுப் பயிற்சியில் தடைகளை நாடா பிடித்து நிறுத்துவார்கள், எண்ணுகிற வேலை இல்லை.

லாயத்தின் நடைபாதை சிமென்டுத் தரை. ஒரு பக்கம் பன்னிரண்டு கதவுகள், எல்லாம் சம தூரம். ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கு நாலு காலடி. முதல் கதவிலிருந்து பன்னிரண்டாவதான மாமியார் கதவு வரை நாற்பத்து நாலு. இருபது வருடம் தினமும் காலையில் அப்படித்தான் காலைப் பழக்கினாள். விழுந்த பிறகு அதை விட்டுவிட்டாள். நீந்தத் தெரிந்தவர் மறுபடி நீந்திப் பார்ப்பாரா?

மறுநாள் காலையில் முதல் கதவில் நின்று நடந்தாள். நாற்பத்தாறு.

திரும்பிப் போய் மறுபடி நடந்தாள். நாற்பத்தாறு.

"ஏய், நான் ஆஸ்பத்திரியில இருந்தப்போ இங்க கதவெல்லாம் மாத்திப் போட்டாங்களா?"

தங்கை மாமியாரின் குளம்பைக் கையில் பிடித்துச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "ஆமா. பொழுது போகலைன்னு குதிரைங்கல்லாம் சேர்ந்து லாயத்தை இழுத்து நீட்டிடுச்சுங்க."

"விளையாடாதே. நாடா எங்க?"

நாடா போட்டு அளந்தார்கள். கதவுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பிறகு தங்கை சுண்ணாம்புக்கட்டியோடு பின்னால் வந்து, அக்காவின் ஒவ்வொரு குதிகாலுக்கும் ஒரு கோடு போட்டாள். எண்பத்தாறு சென்டிமீட்டர். எல்லாக் கோடும் எண்பத்தாறு. தராசு இன்னும் தராசுதான், படிக்கல்தான் தேய்ந்திருந்தது.

கடைசிக் கோட்டில், மாமியாரின் பக்கத்தில் குந்தியிருந்தபடியே தங்கை நிமிர்ந்தாள். திட்டுவாள் என்று சாம்பியன் எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை. "பாவம்க்கா அது," என்றாள். யாரைச் சொன்னாள் என்பது தெளிவு. அவள் கை குதிரையின் முன்னங்காலில் இருந்தது.

பத்து மாதமாக மாமியார் வேண்டாம் வேண்டாம் என்று காதைப் பின்னால் மடக்கியும் சாம்பியன் விரட்டியிருக்கிறாள். விரட்டியபடி போய் முட்டியிருக்கிறது. அதற்குக் கிடைத்த பெயர் சோம்பேறி.

முதல் மூன்று நாள் காலடியை நீட்டப் பழகினாள். தரையில் தொண்ணூறுக்கு ஒரு கோடு போட்டு எட்டி எட்டி மிதித்தாள். இடுப்பில் ஊசி குத்தியது. தங்கை வாளியோடு ஓரமாக நின்று, "கொக்கு மீன் பிடிக்கப் போகுது, வழி விடுங்க," என்றாள். கோட்டைப் பார்த்து நடக்கும்போது சரியாக வந்தது. தலையை நிமிர்த்தி, எதையாவது யோசித்துக்கொண்டு நடந்தால் கால் தன்பாட்டுக்கு எண்பத்தாறுக்குப் போனது. நாலாம் நாள் கோட்டை அழித்துவிட்டாள். கால் அதன் அளவில் நடக்கட்டும், வந்த எண்ணிக்கையில் இருபதுக்கு மேல் போனால் ஒன்றைக் கழித்துக்கொள்வது என்று தீர்மானித்தாள்.

"மெத்தைக்காரர்கிட்ட எப்போ சொல்லப் போற?" என்றாள் தங்கை.

"போட்டி முடியட்டும்."

"போட்டி முடிஞ்சா அது லாரியில இருக்கும்."

"கட்டை விழலைன்னா ஏத்த மாட்டாரே."

"விழுந்தா? விழுந்தா கடைசி வரைக்கும் அதுதான் தட்டுச்சுன்னு இருக்கும், இல்ல?"

"சொன்னா கேப்டனை ஏறச் சொல்லுவார்டி. நல்ல குதிரை, கெட்ட சவாரின்னு தெரிஞ்சா வேற என்ன செய்வார்? நீயா இருந்தா என்ன செய்வ?"

தங்கை கொஞ்சம் யோசித்தாள். "கேப்டனைத்தான் ஏறச் சொல்லுவேன், சாம்பியன்," என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கடைசிப் போட்டிக்கு நூறு குதிரைகளுக்கு மேல் வந்திருந்தன. தற்காலிகக் கொட்டகையில் மாமியாருக்குக் கிடைத்த இடம் அதற்குப் பிடிக்கவில்லை. பிடரி மயிரைப் பின்னிக்கொண்டிருந்த தங்கையின் தோளை இரண்டு முறை கடிக்கப் பார்த்தது. மெத்தைக்காரர் பண்ணைக்காரரோடு வந்தார். பண்ணைக்காரர் பேசாத மனிதர். குனிந்து முன்னங்காலை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். மாமியார் அவர் தொப்பியைத் தட்டிவிட்டது.

"காலில ஒண்ணும் தெரியலையே," என்றார் பண்ணைக்காரர்.

"காலில இல்லைங்க. வயசாயிடுச்சு, மடக்கச் சோம்பல். எங்க சாம்பியனே சொல்லிட்டா," என்றார் மெத்தைக்காரர்.

சாம்பியன் சேணத்தின் வாரை இழுத்துக்கொண்டிருந்தாள். நல்ல நாளாகப் பார்த்து, நல்ல வார்த்தையாகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை.

"தட்டினது குதிரை இல்ல சார். நான்."

"என்னம்மா?"

"விழுந்ததுல என் காலடி நாலு சென்டிமீட்டர் குறைஞ்சு போச்சு. களத்துல தப்பா எண்ணியிருக்கேன். தேவையில்லாத இடத்துல விரட்டியிருக்கேன். பத்துக் கட்டையும் என் கணக்கு. பத்து நாளா எனக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லல."

மெத்தைக்காரர் அவளுடைய பூட்ஸைப் பார்த்தார். பிறகு குதிரையின் குளம்பைப் பார்த்தார். எந்தக் காலை நம்புவது என்று பார்த்தது போல இருந்தது.

"அப்போ குதிரை நல்லாத்தான் இருக்கு."

"ஆமா சார்."

"கேப்டன் ஏறினா?"

தங்கையின் விரல்கள் பின்னலில் நின்றன.

"ஏறலாம் சார். நல்லா ஏறுவார். ஆனா அவரே எண்ணிக்கணும்."

மெத்தைக்காரர், "இன்னைக்கு உன் பேர்தான் பதிஞ்சிருக்கு. இன்னைக்கு நீ ஏறு. மத்ததை அப்புறம் பார்க்கலாம்," என்றார். பண்ணைக்காரர் தொப்பியைத் தட்டிக்கொண்டு அவர் பின்னால் போனார். அவருடைய லாரி வாசலிலேயே நின்றது, பின்கதவு இறக்கியிருந்தது.

மணி அடித்தது. களத்தில் இறங்கி நடந்தாள். நாலாவது தடைக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே இருபத்தைந்து. ஒன்றைக் கழித்தால் இருபத்து நாலு. ஏழுக்கும் எட்டுக்கும் இருபத்தொன்பது, ஆக இருபத்தெட்டு, ஆறு பாய்ச்சல். எண்ணிக்கை வந்ததும் அதை நம்பிவிடுவதுதான் இருபது வருடப் பழக்கம். கால் பொய் சொல்கிறது என்று தெரிந்துகொண்டே காலையே கேட்பது, ஊமை கண்ட கனவை அவனையே சொல்லச் சொன்னது போல இருந்தது.

"மேடம், நாலுக்கும் அஞ்சுக்கும் எத்தனை?" என்று பின்னாலிருந்து கேப்டன் கேட்டான். வாலில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

"என் காலுக்கு இருபத்தஞ்சு. உண்மையில இருபத்து நாலு."

"புரியலையே."

"கால் உடைஞ்சதுல என் காலடி குட்டையாயிடுச்சு கேப்டன். போன போட்டியில உங்க கட்டை விழுந்ததும் என் எண்ணிக்கையாலதான். இனிமே நீங்களே எண்ணிக்குங்க."

வாலில் இருந்தவர்கள் அவள் காலைப் பார்க்காதது போலப் பார்த்தார்கள். கேப்டன் தன் கால்களைக் குனிந்து பார்த்தான், முதல் முறையாக அறிமுகமாவது போல.

"எனக்கு அணிவகுப்பு நடைதான் மேடம் தெரியும்."

"அதுக்கு ஓர் அளவு இருக்கும்ல?"

"எழுபத்தஞ்சு சென்டிமீட்டர்."

"அப்புறம் என்ன? வகுத்துக்குங்க."

அன்று களத்தின் நடுவே ஒரு பட்டாளத்து அதிகாரி கைவீசி அணிவகுத்துப் போனதை வேலியோரம் இருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

பதினேழாவதாக மாமியாரை அழைத்தார்கள். முதல் மூன்று தடைகளில் ஒன்றுமில்லை. நாலாவதைத் தாண்டி இறங்கியதும் அவளுடைய குதிகால் தானாக உள்ளே போனது. எண்ணிக்கை இருபத்தைந்து என்று உடம்பு முழுவதும் சொன்னது. எட்டாது, எட்டாது, விரட்டு. அவள் குதிகாலை வெளியே எடுத்தாள். கையைத் தாழ்த்தினாள். ஒன்று, இரண்டு. மாமியாரின் காதுகள் பின்னால் மடங்கியிருந்தன. மூன்று. அடி விழவில்லை என்று தெரிந்ததும் காதுகள் ஒவ்வொன்றாக முன்னால் நிமிர்ந்தன. நாலு, ஐந்து. கட்டைக்கு மேலே ஒரு கை இடைவெளியில் போனது. பின்னால் சத்தம் எதுவும் வரவில்லை. சத்தம் வராததையே கேட்டுக்கொண்டு போனதில் ஆறாவது தடையை அவள் சரியாகப் பார்க்கவில்லை, மாமியார் பார்த்துக்கொண்டது.

ஏழுக்கும் எட்டுக்கும் ஆறு பாய்ச்சல். தண்டம் இல்லை.

தண்டமில்லாமல் முடித்தவர்கள் நாலு பேர். கேப்டன் அதில் இல்லை; அவனுக்கு ஒன்பதாவதில் ஒரு கட்டை விழுந்தது. வெளியே வந்து, "இது என் சொந்தத் தப்பு மேடம்," என்றான். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அந்த நாலு பேருக்கு மட்டுமான கடைசிச் சுற்றில் எண்ண நேரம் கிடையாது. தடைகளைக் குறைத்து உயர்த்தினார்கள். கடிகாரத்தோடு ஓட வேண்டும், கண்தான் கணக்கு. மாமியார் வளைவுகளில் பூனை போலத் திரும்பியது. கடைசித் தடை தனியாகச் செங்குத்தாக நின்ற கட்டை. மாமியார் சரியான தூரத்தில் எழும்பியது, முன்னங்கால் மடங்கிப் போனது. முடிந்தது என்று அது நினைத்துவிட்டது போலும். பின்னங்காலை ஆற அமர இழுத்துக்கொண்டு வந்தது. டக். கட்டை உருண்டு மணலில் விழுந்தது. அறிவிப்பாளர் நீளமான பெயரைத் தடுமாறிப் படித்து, மூன்றாம் இடம் என்றார்.

தங்கை லகானைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, அது யாரோடது?"

சாம்பியன் இறங்கினாள். இடது கால் தரையில் பட்டபோது வலித்தது. "நான் நல்ல இடத்துலதான் எழுப்பினேன். அது மாமியாரோடது."

"நிஜமா?"

"சத்தியமா."

"அப்போ மண்குடம்," என்றாள் தங்கை. இரண்டு பேரும் சிரித்தார்கள். எதற்கு இவ்வளவு சிரிக்கிறார்கள் என்று மாமியார் மூக்கைச் சுளித்துப் பார்த்தது.

மெத்தைக்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "அந்தக் கடைசிக் கட்டை?"

"அது குதிரையோட கணக்கு சார்."

"பண்ணைக்காரரும் அதையேதான் சொன்னார். மத்ததெல்லாம் பார்த்துட்டு, இதைக் குட்டி போட மட்டும் வெச்சுக்கறது பாவம்னு சொல்லிட்டுப் போயிட்டார். பேசவே மாட்டார், இன்னைக்குன்னு பார்த்து வாயைத் திறந்திருக்கார்." மெத்தைக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "என்கிட்ட பத்து நாள் மறைச்ச. அதை நான் மறக்க மாட்டேன். மெத்தைக்கே நான் அஞ்சு வருஷம்தான் கேரண்டி குடுக்கறேன். உனக்கு ஒரு வருஷம்."

"போதும் சார்."

"கேப்டன் என்ன நினைப்பாரோ."

"அவர் வகுத்துக்கிட்டிருக்கார் சார்."

மறுநாள் காலையில் சாம்பியன் லாயத்தின் முதல் கதவில் நின்றாள். நடந்தாள். நாற்பத்தாறு எண்ணி, இரண்டைக் கழித்து, பன்னிரண்டாவது கதவைத் திறந்தாள். மாமியார் வாளியைக் கவிழ்த்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.